படத்தின் கீழ் ஒரு பெயர்

ஓசூர் நெடுஞ்சாலையினின்று ஆனேக்கல் சாலை பிரியுமிடத்தில் அமைந்துள்ளது சந்தாபுரா. தொழிற்சாலைக்கு விரைவோரும் பேருந்துக்குக் காத்திருப்போருமாக அச்சந்திப்பு எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். ஞாயிறுதோறும் அங்கொரு தேநீர்க் கடையோரத்தில் அமர்ந்து, அஞ்சலட்டை அளவுத் தாள்களில் நீர்வண்ணம் கொண்டு மனித முகங்களை வரைவது என் வழக்கம். செருப்புத் தைப்பவர், பூக்கட்டும் பெண், ஆட்டோ ஓட்டுநர், இளநீர் வெட்டுபவர் ஆகியோரே என் ஓவியங்களுக்கு உரியவர்கள்.

எண்ணெய் வண்ணத்தில் பிழை நேர்ந்தால் மேலே பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் அதற்கு இடம் அரிது. வெண்மை வேண்டுமிடத்தில் தாளை அப்படியே விட்டுவைத்தல் வேண்டும். நரைத்த முடியும் கண்ணின் ஒளியும் தூரிகை தொடாத இடங்களே. ஆதலின், வரையுமுன் முகத்தை நன்கு பார்த்தாக வேண்டும். நான் நன்கு பார்ப்பவன் என்றே பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன்.

அங்கே கீரை விற்றுவந்த மூதாட்டியை ஒருநாள் வரைந்தேன். "என்னைப் போய் வரையிறியே, சாமி!" என்று நாணிச் சிரித்தார். சில திங்களில் அவர் அமருமிடம் வெறுமையாயிற்று. பின்னொரு ஞாயிறன்று அவர்தம் மகன் என்னைத் தேடி வந்தார். "அம்மா போயிட்டாங்க, சார். ஆதார் கார்டுல இருக்கிற படத்தைத் தவிர வேற படம் இல்ல. நீங்க வரைஞ்சதாச் சொல்லியிருக்காங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தவர், அடியில் நான் எழுதியிருந்ததை மெல்லப் படித்தார்: "கீரைக்காரி." வேறொன்றும் அவர் கூறவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலேய அலுவலர்க்காகத் தஞ்சை ஓவியர் வரைந்த படத்தொகுதிகள் அப்போது என் நினைவில் எழுந்தன. தொழிலுக்கொரு இணை, சாதிக்கொரு இணை எனக் கணவனும் மனைவியும் அவற்றில் நிற்பர். திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகடுகளிலும் இத்தகைய படங்கள் எழுதப்பட்டன. ஆடையும் அணியும் கருவியும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கும். கீழே தொழிலோ சாதியோ குறிக்கப்பட்டிருக்கும். ஆளின் பெயரைக் காண்பது அரிது. அதே கம்பெனியில் பணிபுரிந்த வில்லியம் பிரேசர் 1815 முதல் 1819 வரை தில்லி வட்டாரத்தில் வரைவித்த படங்கள் பலவற்றிலோ, எளிய ஊர்மக்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. இருநூறாண்டு கடந்தும் அவர் இன்னார் என நாம் அறிகின்றோம். முகத்தை அத்துணை நேரம் நோக்கிய நான், பெயரைக் கேட்க ஒரு நொடி செலவிட்டிலேன்.

மகனிடம் அன்னையின் பெயரைக் கேட்டேன், சொன்னார். மையால் எழுதியதை அழிக்க இயலவில்லை. ஆகவே அதனருகிலேயே அப்பெயரை எழுதி, படத்தை அவரிடம் அளித்தேன். பெயரை ஈண்டுக் கூறேன். அஃது அவ்வில்லத்தார்க்கு உரியது.

இப்போதெல்லாம் தூரிகையை நனைக்குமுன் எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்கின்றேன். சிலர் பெயருடன் ஊரையும் சொல்கின்றனர். சிலர் மட்டும், "எதுக்குங்க?" என்கின்றனர்.

"படத்துக்குக் கீழே எழுத" என்கின்றேன்.