எண்ணெய் அல்லாத எண்ணெய்

மாற்றுப்பொருள் கண்டு வாழ்தல் வன்னி மக்களுக்குப் புதிதன்று. 1990-ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலை ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. புகைந்தும் இருமியும் ஓடினவெனினும், ஓடின. இயந்திரம் மாற்றைப் பொறுத்துக்கொண்டது. பிறேக் அத்தகையதன்று.

'பிறேக் ஒயில்' என்னும் வழக்கே மயக்கந் தருவது. அஃது எண்ணெயன்று; கிளைக்கோல் சார்ந்த திரவம். அதனுள் மண்ணெண்ணெயோ இயந்திர எண்ணெயோ சிறிது கலப்பினும், சிலிண்டரிலுள்ள இறப்பர் ஊதிப் பருத்துக் கெடும். ஆதலின் அவ்வுறுப்புகளைக் கழுவுதற்கும் மண்ணெண்ணெய் ஆகாது.

அத்திரவத்திற்கு இன்னுமோர் இயல்புண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டொட் 3' வகைக்கு விதிக்கப்பட்ட கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு. நூற்றுக்கு நான்கு பங்களவு நீர் சேர்ந்தவிடத்து அவ்வெல்லை 140 ஆகத் தாழும். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த கொக்கிளாயில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. 1984-இல் ஊர் நீங்கி, 2009-இல் போர் முடிந்த பின்னரே மீண்டு வந்த மக்களின் ஊர் அது. அங்கே ஒரு பழைய மொறிஸ் மைனரை முற்றத்தில் நிறுத்திப் பிறேக்குக்கு 'எயர்' எடுப்பதாயின், இருவர் வேண்டும்.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்திய அமுக்கம் எங்கும் குறைவின்றிப் பரவும் என்பது பஸ்கால் கண்ட விதி. குழாயினுள் காற்றுப் புகுந்தால், காற்று அமுங்க, மிதி பஞ்சுபோல் ஆழும். அக்காற்றை வெளியேற்றுதலே வேலை. முதலிற் பிறேக் கட்டைகளைச் சரிசெய்தல் வேண்டும். பின்னர், சாரதியின் காலடித் தகட்டைக் கழற்றி மாஸ்ரர் சிலிண்டரை நிரப்பி, அதற்கு மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சில்லிலிருந்து தொடங்குவர். நிப்பிளிற் பொருத்திய குழாயின் மறுநுனி திரவமுள்ள போத்தலில் அமிழ்ந்திருக்கும்.

"மிதி தம்பி."

"மிதிச்சிட்டன் அண்ணை."

நிப்பிள் திறக்கும், குமிழிகள் எழும். அதனை மீள மூடும்வரை மிதியை விடலாகாது. விட்டால், வெளியேறிய காற்றே உள்ளே மீளும். குமிழி ஒழியும்வரை இது தொடரும். இடையே சிலிண்டர் வற்றாது நிரப்புதலும் வேண்டும்.

ஈற்றிலே போத்தலில் திரவம் எஞ்சும். எதனையும் வீணாக்காது வாழ்ந்த கை அதனைத் திரும்ப ஊற்றவே எழும். ஆயினும் அது காற்றும் ஈரமும் அழுக்கும் கலந்தது, ஊற்றலாகாது. காரில் ஏறுவோர் உயிர் அம்மிதியின் கீழ் இருக்கின்றது. எதற்கு மாற்றுண்டு, எதற்கு மாற்றில்லை எனப் பகுத்தறிதலும் இல்லாமை கற்பித்த கல்வியேயாம். மிதி கல்லென நின்ற பின்னரே கார் படலையைத் தாண்டுதல் தகும்.