வண்டி பார்க்க யோகோஹாமா போனேன்

டைக்கோகு பார்க்கிங்குக்கு நடந்து போக வழி கிடையாது. ரயிலிலோ டவுன் பஸ்ஸிலோ போய் இறங்கவும் முடியாது. யோகோஹாமா துறைமுகத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவொன்றில், விரைவுச்சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு ஏறி இறங்கும் வளையத்துக்கு நடுவே இருக்கிறது அது. சுங்கம் கட்டி அந்தச் சாலையில் வரும் வண்டிக்குத்தான் உள்ளே இடம். லாரிக்காரர்கள் கண்ணயரவும், குடும்பத்தோடு போகிறவர்கள் கழிப்பறைக்கு ஒதுங்கி ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடவும் கட்டியது. இன்றைக்கு அதைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். ஆவடிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டிலிருந்து நானும் போய்ச் சேர்ந்தேன்.

என்னிடம் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது; வாங்கும் வசதியும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பூந்தமல்லி சாலையில் ஒரு பட்டறை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காத புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, சைலன்சர மாத்தணும்" என்பான் ஒரு பையன். நூற்றுக்கணக்கான இன்ஜினியர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துச் செய்த வண்டியை, வாங்கிய மாதமே பிரித்துப் போடுகிறானே, எதற்கு? பந்தா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பந்தா உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெளியே ஒருவர் கண்ணுக்கும் படாத ஸ்பிரிங்கையும் பிரேக் பேடையும் பந்தாவுக்காக எவன் மாற்றுவான்?

அக்கா மகன் டோக்கியோவில், நம் நாட்டவர் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. கோயில், கோபுரம், ஃபுஜி மலை எல்லாம் காட்டி முடித்துவிட்டு, "அடுத்து எங்க மாமா?" என்றான். சொன்னேன். சிரித்துவிட்டான்.

"சனிக்கிழமை ராத்திரி போனா போலீஸ் வந்து மூடிடுவாங்க மாமா. ஞாயித்துக்கிழமை காலையில போவோம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்கைலைன் வெச்சிருக்காரு. அவரையே கூப்புடறேன்."

வந்தது 1990-களின் தொடக்கத்தில் செய்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். ஆர்32 என்பது அதன் குலப்பெயர். வயதுக்கு மரியாதை கொடுத்து என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். கடலோர வாங்கன் சாலை, சுரங்கத்தில் இறங்கிக் கடலுக்கு அடியில் போகிறது; ஹனேடா விமான நிலையத்தை ஒட்டி மறுபடியும் பூமிக்குள் நுழைகிறது; கடைசியில் சுருமி சுபாசா பாலத்தில் வானத்துக்கு ஏறுகிறது. இன்ஜின் அடித்தொண்டையில் உறுமியது. ஆனால் வண்டிக்காரர் வேக முள்ளை வரம்புக்கு மேல் விடவே இல்லை. இரண்டு மடங்கு சக்தி ஏற்றிய வண்டியில் பக்கத்து மினிவேனோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தோம். இது எனக்கு முதல் ஆச்சரியம்.

பாலத்திலிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கினால் பார்க்கிங். தலைக்கு மேலே நாலு பக்கமும் கான்கிரீட் வளையங்கள். கீழே வரிசை வரிசையாகக் கார்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்எஸ்எக்ஸ். பின்சக்கரத்துக்கு மேல் தகடு அகன்று தரையைத் தொடுவதுபோல் ஒரு போர்ஷே. அது அகிரா நகாய் கைவேலை என்றான் அக்கா மகன். சிபா மாகாணத்தில் பட்டறை வைத்திருப்பவர். பழைய போர்ஷேக்களின் மட்கார்டைத் தன் கையாலேயே அறுத்து அகலப் பட்டை பொருத்துகிறவர். அதற்காக நாடு நாடாகப் போய் வருகிறவர். லட்சக்கணக்கில் விலை போகிற பழைய போர்ஷேயின் மேல் ரம்பம் வைக்கும் தைரியத்தை நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சுற்றி நின்று குனிந்து பார்க்கிறார்கள். ஒருவர் வண்டியை இன்னொருவர் தொடுவதில்லை. சத்தமாகப் பேச்சில்லை. தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த சூடான காபி டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு, ஸ்கைலைன்காரரிடம் என் கேள்வியை அக்கா மகன் வழியாகக் கேட்டேன். நல்ல வண்டியை ஏன் மாற்றினீர்கள்?

அவர் சொன்ன கதை இது. 1989-ல் நிஸான் ஃபேர்லேடி இசட் 280 குதிரைத்திறனோடு வந்தது. சாலை விபத்துகள் பெருகிவந்த காலம். அரசாங்கம் முகம் சுளித்தது. ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி, 280-க்கு மேல் யாரும் விற்பதில்லை என்று முடிவு செய்தன. எழுத்தில் இல்லாத அந்த ஒப்பந்தம் 2004 வரை நீடித்தது. அதே 1989-ல்தான் ஆர்32 ஜிடி-ஆர் பிறந்தது. அதைப் பந்தயத்துக்கென்றே வடிவமைத்தார்கள். 2,568 சிசி, ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, வார்ப்பிரும்பு பிளாக். ஜப்பானின் குரூப் ஏ டூரிங் கார் பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 போட்டிகளில் 29-லும் வெற்றி. பந்தயத்தில் 500 குதிரைகளுக்கு மேல் தாங்கிய இன்ஜினைத்தான் 280 என்று எழுதிக் கடையில் விற்றார்கள்.

"வாங்கும்போதே தெரியும்கிறாரு மாமா. மீதியை உள்ளே வெச்சுப் பூட்டித்தான் கொடுத்திருக்காங்கன்னு."

பூட்டைத் திறப்பது ஒரே நாள் வேலையில்லை. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடும். ஆனால் இந்த வண்டியில் கம்பெனி வைத்த டர்பைன் சக்கரம் பீங்கான் வகை. அழுத்தம் எல்லை மீறினால் நொறுங்கிவிடும். எனவே முதலில் உலோகச் சக்கரம் வைத்த டர்போ. காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும். இன்ஜெக்டரையும் கம்ப்யூட்டரையும் மாற்றினார். சூடு கூடியது; ரேடியேட்டர், ஆயில் கூலர். கிளட்ச் வழுக்கியது, அதையும் மாற்றினார். இப்படிப் போனால் நிற்க வேண்டாமா? பிரேக்கில் வந்து நின்றார். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது கூப்பிடுகிறது. அவர் வருஷக்கணக்கில் செலவழித்தது வேகத்துக்கா, அந்தக் கூப்பிடுதலுக்கா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அந்த வண்டி இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையே இல்லை, சந்தோஷம்தான்.

நாலு வண்டி தள்ளி ஒரு பெண், சின்ன மாஸ்டா ரோட்ஸ்டரோடு நின்றிருந்தார். இன்ஜினில் கை வைக்கவே இல்லையாம். சீட்டை இறக்கியிருக்கிறார், ஸ்டியரிங் வட்டத்தைச் சின்னதாக்கியிருக்கிறார், கியர்க் குமிழை மாற்றியிருக்கிறார், ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார். ரெடிமேட் சட்டை எடுத்து டெய்லரிடம் கொடுத்துத் தோளைப் பிடிப்போமே, அதே கணக்கு. கம்பெனி யாரோ ஒரு சராசரி மனிதரை மனதில் வைத்துச் செய்கிறது. அவர் பள்ளமான ரோட்டிலும் போவார், மாமியாரையும் ஏற்றுவார், மட்டமான பெட்ரோலும் போடுவார், வாரன்டியும் கேட்பார். அந்தச் சராசரி மனிதர் உலகத்தில் எங்கேயும் இல்லை. இருப்பது இந்தப் பெண். இவருக்கு ஞாயிறு காலையில் மலைப்பாதை வளைவுகளில் தனியாக ஓட்ட வேண்டும். இவர் செய்த சின்ன மாற்றங்கள் எனக்கு ஐந்நூறு குதிரைகளைவிட நன்றாகப் புரிந்தன.

ஓரமாக நின்ற ஒரு குட்டிக் காரைப் பார்த்ததும்தான் ஊர் ஞாபகம் வந்தது. சுஸுகி ஆல்டோ வொர்க்ஸ், எண்பதுகளின் கடைசியில் வந்த ரகம். நம் மாருதி 800-ன் ஒன்றுவிட்ட தம்பி. ஒரே குடும்பத்து மூன்று சிலிண்டர் இன்ஜின். நம் 800-க்கு 796 சிசி, 40 குதிரைகூடத் தேறாது. 1987-ல் அறிமுகமான வொர்க்ஸுக்கு 543 சிசிதான், டர்போ வைத்து 64 குதிரை. குட்டிக் கார்களுக்கு 64-க்கு மேல் வேண்டாம் என்ற இன்னொரு வாய்மொழி வரம்பு பிறந்ததே இதனால்தான்.

இந்த இன்ஜின் குடும்பத்தை நம் ஊரிலும் ஒருவர் சும்மா விடவில்லை. கோயம்புத்தூர் கரிவர்தன். மாருதி 800 இன்ஜினை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காராக்கி, ஃபார்முலா மாருதி என்று பெயர் வைத்தார். பிற்பாடு 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் கார்ப் பந்தயத்தில் கால் வைத்தது அந்த வண்டியில்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

அவருக்கும் முன்னாலே சோழவரம். எங்கள் ஊருக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே இறக்குமதி செய்து ஓட்டிய இடம். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன், இளவட்டத்தில் சைக்கிளில் போய் அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர்.

"ராஜா வீட்டுப் புள்ளைங்கதான் வெளிநாட்டுக் காரு கொண்டாருவாங்க. மத்தவங்களுக்கு ஏதுப்பா ரேஸ் காரு? வீட்டு ஃபியட்டுதான். பின்சீட்ட கழட்டிப் போட்டுட்டு, ஹெட்ட ஷேவ் பண்ணி, ரெட்டைக் கார்ப்பரேட்டர் வெச்சு ஓட்டுவான். திங்கக்கிழமை அதே வண்டில ஆபீசுக்குப் போவான்" என்பார்.

அன்றைக்கு இங்கே வாங்கக் கிடைத்தது ஃபியட், அம்பாசடர், நம் ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறக்குமதிக்கு வழியை அடைத்திருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் கையில் இருப்பதைத்தான் அப்படி ஆக்கிக்கொள்ள வேண்டும். ஜப்பான்காரர் எல்லாம் இருந்தும் மாற்றினார். நம்மவர் ஒன்றும் இல்லாததால் மாற்றினார். சிலிண்டர் ஹெட்டைத் துளி இழைத்து அழுத்தத்தைக் கூட்டியவருக்கும், டர்போ மாற்றிய ஸ்கைலைன்காரருக்கும் ஒரே சபலம்தான்: இது இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் சபலத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஜப்பானில் புதுக் கார் மூன்று வருஷத்திலும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, டயர் உடலுக்கு வெளியே துருத்துகிறதா, சத்தம் எவ்வளவு, புகை எவ்வளவு என்று அளந்து பார்க்கிறார்கள். பெரிய மாற்றம் செய்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். டைக்கோகுவில் எல்லாமே யோக்கியமான வண்டிகள் என்று சொல்ல வரவில்லை. அப்படியானால் போலீசுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் நேர்வழியில் போக நினைக்கிறவனுக்கு ஒரு வாசல் இருக்கிறது.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கேஸுக்கு மாறவும், இன்ஜினை மாற்றவும் முன்அனுமதி வாங்க வழி உண்டு. நல்ல பிரேக்கும் உறுதியான சஸ்பென்ஷனும் போட்டுச் சோதனைக்குக் காட்டி முத்திரை வாங்க நினைக்கிறவனுக்கு அப்படி ஒரு சுலபமான வழி இல்லை. விளைவு, பட்டறைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்கிறார். பையனும் காசு குறைவான, சத்தம் அதிகமான வேலையாகப் பார்த்துச் செய்துகொள்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் காதைக் கொடுத்தால் பலன் கேட்கும்.

சட்டம் போடுகிறவர்களுக்கு என் விண்ணப்பம், அளந்து பார்த்து அனுமதிக்கும் ஒரு வாசலைத் திறவுங்கள். அது திறக்கும்வரை, வீட்டில் கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் திட்டிப் பிரயோஜனமில்லை. சைலன்சரை அப்படியே விட்டுவிட்டு முதல் காசை நல்ல டயருக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். அதுவும் கம்பெனி குறித்த அளவிலேயே. வேகம் பார்த்தே தீர வேண்டுமென்றால் பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில், 1990-லிருந்து பந்தயத் தடம் இருக்கிறது. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க அங்கே டிராக் டே நடத்துகிறார்கள். பருத்திப்பட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.