அலிபிரிப் படிகளும் ஸ்டாட்டின் மாத்திரையும்

திருப்பதியின் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் 3,550 படிகளைப் பயிற்சிக்களமாகக் கொள்ளும் சித்தூர் ஓட்டக்காரர் ஒருவர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் உட்கொள்பவராயின், தொடைவலி படியால் வந்ததா மருந்தால் வந்ததா எனப் பிரித்தறிவது எளிதன்று.

1973-இல் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ பூஞ்சையில் கண்டறிந்த சேர்மத்திலிருந்து வளர்ந்த இம்மருந்துவகை மாரடைப்பைத் தடுப்பதில் பெரும்பயன் தருகிறது. ஆயினும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த 22 தொழில்முறை வீரர்களைக் குறித்து 2004-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வில், அறுவர் மட்டுமே ஏதேனும் ஒரு ஸ்டாட்டினைத் தாங்கினர்.

தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதியான கிரியாட்டின் கைனேஸ், தசை நீண்டவாறே சுமை தாங்கும் படியிறக்கத்திற்குப் பின்னரும் உயருமாதலால், சில நாள் ஓய்வுக்குப் பின் பரிசோதிப்பதே தெளிவு தரும்.

மாத்திரையைத் தாமாக நிறுத்துவது இதயத்திற்கு ஆபத்து. அளவைக் குறைத்தல், வேறு ஸ்டாட்டினுக்கு மாறுதல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைபைச் சேர்த்தல் ஆகிய வழிகள் மருத்துவரிடம் உண்டு.

கடும் தசைவலியோடு சிறுநீர் கருமையாயின், அது சிறுநீரகத்தைத் தாக்கும் தசைச்சிதைவின் அறிகுறியாகலாம் என்பதால் உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

ஸ்டாட்டினை எழுதித்தரும் மருத்துவர், நோயாளி எவ்வளவு ஓடுகிறார், எத்தனை படி ஏறுகிறார் என்பதையும் கேட்டறிவது வழக்கமாகவேண்டாமா?