பழைய பொறிக்குப் புதிய மூளை

பழையது கழிவது இயல்பு என்று இலக்கண வகுப்பில் கற்பிக்கிறோம். கணினி உலகில் அந்த இயல்பு சில ஆண்டுகளிலேயே நிறைவேறிவிடுகிறது. அதற்கு அடங்க மறுத்த பொறியொன்று உண்டு.

1987இல் கொமடோர் நிறுவனம் வெளியிட்ட ‘அமிகா 500’ என்னும் வீட்டுக் கணினிதான் அது. அதன் மூளை மோட்டோரோலா 68000 என்னும் சில்லு. வேகம் ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 512 கிலோபைட். 1994இல் நிறுவனம் நொடித்துப்போயிற்று. பொறியோ ஆர்வலர் இல்லங்களில் இன்றும் இயங்குகிறது.

இயக்குவோர் அதனை விரைவுபடுத்தவும் விழைகின்றனர். கடிகாரத் துடிப்பை உயர்த்தினால் போதாதோ எனலாம். போதாது. படமும் ஒலியும் தரும் துணைச் சில்லுகள் தொலைக்காட்சித் திரையின் கால அளவுக்கு இயைந்து நடப்பவை. அவற்றை விரட்டினால் படம் குலையும். ஆதலால் பழைய மூளை இருந்த இடத்தில் முடுக்கிப் பலகை ஒன்றைப் பொருத்துகின்றனர். அதில் விரைந்த மூளையும் அதற்கே உரிய நினைவகமும் உண்டு. தன் நினைவகத்தோடு அது ஓடும். பழைய சில்லுகளிடம் பேசும்போது மட்டும் நடை தளரும். துள்ளித் திரியும் பேரன் பாட்டனாரின் கையைப் பிடித்ததும் மெல்ல நடப்பதில்லையா!

ஸ்டீபன் லியரி வடிவமைத்த ‘டெரிபிள்ஃபயர்’ பலகைகள் 68030 சில்லைத் தாங்கியவை. கிளாட் ஷ்வார்ட்ஸின் ‘பைஸ்டார்ம்’ பலகையிலோ, ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி மென்பொருளால் 68000போல் நடிக்கிறது. வேகம் பெரிது, ஆயினும் மூளையே நடிப்பென்றால் அது அதே பொறிதானா என்னும் ஐயம் எனக்கு நீங்கவில்லை. என் மனம் 68030 பக்கமே சாய்கிறது.

இவ்விருவரும் தம் வரைபடங்களைப் பூட்டிவைக்கவில்லை. வேண்டுவோர் எடுத்துப் பலகையை அச்சிடலாம், பற்றவைக்கலாம், திருத்தலாம். ஆக்கியவர் ஓய்ந்தாலும் ஆக்கம் ஓயாது. கொமடோர் வீழ்ந்ததைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். நம் கையிலுள்ள தொலைபேசியைத் திறந்து காட்டி மாணவனுக்கு என்ன விளக்க முடிகிறது? பசையிட்டு மூடிய பெட்டி அது! இங்கோ 68000 சில்லின் 64 கால்களும் பெயரோடு தாளில் நிற்கின்றன: 23 கால்கள் முகவரிக்கு, 16 தரவுக்கு, எஞ்சியவை மின்சாரத்துக்கும் கட்டளைக்கும். ஒரு பாடவேளையில் கரும்பலகையில் வரைந்துவிடலாம்.