தவறி விழுந்ததாக…

நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் சட்டம் சார்ந்த மருத்துவம் சொல்லிக்கொடுப்பவன். பிணவறை, காயச் சான்றிதழ், கோர்ட்டுச் சாட்சி என்று அலைகிற துறை. மருத்துவ அறம் என்கிற பாடமும் ரொம்ப காலமாக எங்க தலையிலதான். 2019ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாத்தினப்போ, ‘ஏட்காம்’னு பேர் வச்சு முதல் வருசத்திலேர்ந்தே அறம் நடத்தணும்னு ஆக்கினாங்க. நல்லதுதான். அதில் நாலு கொள்கை உண்டு: நோயாளியின் சுயமுடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. நீதி கடைசியில். மணி அடிக்கிற நேரத்தில்தான் அது வரும். நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், 1932ல் அரசாங்கச் சுகாதாரத் துறை ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. மேகநோய் கண்ட கறுப்பின ஆண்கள் 399 பேர், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் 201 பேர். ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 1997ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். இதைச் சொன்னால் வகுப்பே கொதிக்கும். “சரி, நம்ம கேஷுவால்டியில எப்படி?” என்று கேட்டால் கொதித்த வகுப்பு குனிந்து நோட்டைப் பார்க்கும். “நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்ல சார்” என்று ஒரு குரல் வரும்.

அதனால் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு நாள் ஓ.பி.யில் உட்கார்ந்து, யாரை ‘வாங்க’ என்கிறோம், யாரை ‘வா’ என்கிறோம் என்று கோடு போட்டு எண்ணி வரணும். வந்ததும் ஒரு பையன் சொன்னான்: “கிராமத்து ஆளுங்க சார், பாசத்துல உரிமையா சொல்றதுதான்.” பின் பெஞ்சிலிருந்து ஒரு பொண்ணு எழுந்தாள். “அந்தப் பாசத்த எங்க தாத்தா திருப்பிக் காட்டலாமா சார்? டாக்டர ‘வாடா தம்பி’ன்னு கூப்பிடலாமா?” யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கம்மா அறுபது வயசுல கர்ப்பப்பைக் கட்டியோட ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, மகன் வயசு டாக்டர் ஒருத்தர் “கைய நீட்டு”ன்னார். ஊசி போட இல்லை, கைநாட்டு வைக்க. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அறிவொளியில் படிச்சவ. எங்க தெருப் பேரைக் கேட்டதுமே மையை எடுத்துட்டாங்க. தாள்ல என்ன எழுதியிருக்குன்னும் சொல்லல. சுயமுடிவு என்கிற கொள்கை எங்களுக்கு அந்த மையோடு முடிஞ்சுபோச்சு.

இதெல்லாம் மரியாதைப் பிரச்சினை, மருத்துவப் பிரச்சினை இல்லை என்பார்கள். அப்படியா? ராத்திரி ஒரு மணிக்கு, ஊர்க்காரர்களிடம் அடிபட்டுச் சேரி ஆள் ஒருத்தர் வருகிறார். கூடவே ஒரு போலீஸ்காரர், சில நேரம் ஊர்ப் பெரிய மனுசன். பயிற்சி மருத்துவர் யாரைக் கேட்கிறார்? கூட வந்தவரை. ‘தவறி விழுந்ததாக’ என்று விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். அடிபட்டவர் சொன்னது ஏறாது. ‘நீ’ என்று கூப்பிட்ட ஆளிடம் சாட்சி கேட்கத் தோன்றுமா?

அந்த ஒரு வரியிலிருந்துதான் எல்லாம் சரியுது. விழுந்தவருக்கு எதுக்கு அத்தனை எக்ஸ்ரே என்று விட்டுவிட்டால் முறிந்த எலும்பு தெரியாது. எலும்போ பல்லோ முறிந்தால் சட்டப்படி கொடுங்காயம். தெரியாமல் போனால் சாதாரணக் காயம். கடும் வலியோடு, அன்றாட வேலை செய்ய முடியாமல் இத்தனை நாள் கிடந்தால் அதுவும் கொடுங்காயம் என்று ஒரு கணக்கு உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 20 நாள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 15 நாள். மூணாம் நாளே “கிளம்பு”ன்னு டிஸ்சார்ஜ் எழுதினால் வலி கிடந்ததற்கு ஏது சாட்சி? 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த வழக்கிலும் மருத்துவர் எழுதிய காகிதத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாகக் கேட்பார்: “முதல் பதிவில் விழுந்ததாகத்தானே இருக்கு டாக்டர்?”

அதனால் நான் நடத்துகிற அறம் சின்னது. கூட வந்தவரை வெளியே அனுப்பு. “என்ன நடந்துச்சு, சொல்லுங்கய்யா” என்று கேள். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுது. காயம் ஒவ்வொன்றையும் அளந்து எழுது. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேவுக்கு எழுது. கையெழுத்துப் போடுவீங்களா என்று கேட்ட பிறகு மையைத் தொடு.

வகுப்பில் சாதி பேசுகிறேன் என்று என்மேல் முணுமுணுப்பு உண்டு. இருக்கட்டும். போன தடவை கோர்ட்டுக்குப் போனபோது ஒரு பதிவேட்டு நகலைப் பார்த்தேன். ‘தடியால் நாலு பேர் அடித்ததாக நோயாளியே கூறுகிறார்’ என்று இருந்தது. எழுதியது என் வகுப்பில் இருந்த ஹவுஸ் சர்ஜன். வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.