கொலை என்று சட்டம் எப்போது சொல்கிறது?

திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் சிறுமலை முதுகுப் பக்கம் போய்விடும். ஒட்டன்சத்திரம், பழநி, அப்புறம் உடுமலைப்பேட்டை. தமிழ்நாட்டையே உலுக்கிய ஒரு கொலை வழக்கின் ஊர்கள் இந்த ரோட்டில்தான் இருக்கின்றன. பழநிப் பெண் கௌசல்யா, உடுமலை பக்கம் குமரலிங்கத்தைச் சேர்ந்த தலித் மாணவர் சங்கர். 2015 ஜூலையில் கல்யாணம். 2016 மார்ச் 13, உடுமலை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் அரிவாள் வெட்டு. சங்கர் இறந்தார், கௌசல்யா தலையில் காயத்தோடு பிழைத்தார். கேமராவில் பதிவானதை டிவியில் ஊரே பார்த்தது.

இத்தனை பேர் பார்த்த பிறகு கோர்ட்டில் நிரூபிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது!

ஒரு உயிர் போனது என்பது மட்டும் சட்டப்படி கொலை ஆகாது. அந்த வழக்குக்குப் பொருந்திய இந்திய தண்டனைச் சட்டத்தில் 299-வது பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தைச் சொல்கிறது. அதில் இன்னும் கடுமையானதைப் பிரித்தெடுத்து "கொலை" என்கிறது 300. (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 100, 101.) கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. மனசுக்குள் இருப்பதை யார் பார்த்தது? என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடம், எத்தனை வெட்டு... இதையெல்லாம் வைத்துத்தான் நீதிபதி எண்ணத்தைப் படிக்கிறார். 1958-ல் விர்சா சிங் வழக்கில் ஒரே ஒரு ஈட்டிக் குத்துதான். அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தி, அது இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தால் கொலைதான் என்றது உச்ச நீதிமன்றம். "சாகடிக்க நினைக்கவில்லை" என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

வெட்டியவர்கள் விஷயத்தில் இது சுலபம். ஏவியவர் என்று சொல்லப்படுபவர் விஷயத்தில்தான் சிக்கல். அதற்குக் கூட்டுச் சதியை நிரூபிக்க வேண்டும். அதாவது, குற்றம் செய்ய உடன்பாடு இருந்தது என்று காட்ட வேண்டும். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 12-ல் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது; மற்ற ஐந்து பேருக்கு 25 வருஷம் குறையாத ஆயுள் தண்டனை. தீர்ப்பைத் திட்டுபவர்கள் உண்டு. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம் வேண்டும் என்ற விதியை ஒரு வழக்குக்காக மட்டும் தளர்த்த முடியாது. எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

சரி, செத்தவன் வீட்டுக்கு என்ன?

தலித், பழங்குடியினர் மீதான வன்கொடுமை என்றால் அரசே நிவாரணம் தர வேண்டும். முன்பு அந்தப் பட்டியலில் சம்பாதிப்பவர் செத்தால் ஒரு தொகை, சம்பாதிக்காதவர் செத்தால் அதைவிடக் குறைவு! படிக்கிற பையன் எந்தப் பக்கம் வருவான் என்று யோசித்துப் பாருங்கள். 2016 ஏப்ரல் 14-ல் வந்த திருத்தம் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டு 8.25 லட்சம் என்றாக்கியது. சங்கர் இறந்து அப்போது ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

இது நிவாரணம்தான், நஷ்ட ஈடு அல்ல. குற்றவாளியிடமே கேட்கவும் வழி இருக்கிறது. குற்ற வழக்கிலேயே நஷ்ட ஈடு தர உத்தரவிடலாம். அது பற்றி யோசிக்காமல் கோர்ட் விடக்கூடாது என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஜெயிலுக்குப் போகிறவரிடம் பணம் இருக்க வேண்டுமே.

பலருக்கும் தெரியாத வழி ஒன்றும் உண்டு. தண்டனைச் சட்டத்துக்கும் மூத்தது, 1855-ம் வருஷத்து மரண விபத்துச் சட்டம். பெயரில்தான் விபத்து, சாவுக்குக் காரணம் குற்றச் செயலாக இருந்தாலும் சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம். இங்கே எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும், சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காகக் கேட்கலாம். அண்ணன் தம்பிக்கு இடமில்லை.

கெடு, இறந்த நாளிலிருந்து 2 வருஷம். கிரிமினல் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் அது கடந்துபோய்விடும். உடுமலை வழக்கில் விசாரணை வேகமாக முடிந்தது என்றார்கள். அதிலேயே தீர்ப்பு வந்த நாளில் மிச்சம் இருந்தது மூன்று மாசம்.