ஒரு கொப்பியில் சேர்ந்த பெயர்கள்

2017ஆம் ஆண்டு எனக்கு முதன்முறையாகக் கலா பொலவில் இடம் கிடைத்தது. ‘பொல’ என்றால் சிங்களத்தில் சந்தை. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய இந்த ஓவியச் சந்தை, கொழும்பு 7இல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையோரம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெறுவது வழக்கம். பழைய ஆட்களுக்கு அது கிரீன் பாத். பெரிய கலைக்கூடங்களின் வாசலை மிதிக்கத் தயங்கும் என்னைப் போன்றவர்களும் அங்கு வாங்குபவரின் முகம் பார்த்து நேரடியாகப் படம் விற்கலாம்.

விடியவே வெள்ளவத்தையிலிருந்து பதினான்கு படங்களைப் பழைய சேலைகளால் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இருட்டும்வரை சனம் வந்துகொண்டே இருந்தது. மூன்று சின்னப் படங்கள் விலைப்பட்டன. பனங்கூடலும் துலாக் கிணறும் வரைந்த பெரிய படத்தின் முன் ஒரு குடும்பம் வெகுநேரம் நின்றது. “இதையே கொஞ்சம் சின்னதாகக் கீறித் தருவீங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். “ஓம்” என்றேன். “பிறகு வாறம்” என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ நான் கேட்டு வைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த சிங்கள அக்கா பல வருடங்களாக அங்கு வருபவர். சாமான் கட்டும்போது தன் கொப்பியைக் காட்டினார். பெயர், மின்னஞ்சல், எந்தப் படத்தை விரும்பிப் பார்த்தார் என்ற சிறு குறிப்பு என்று பக்கம் பக்கமாக இருந்தது. இன்றைக்கு வாங்குபவர்கள் கொஞ்சப் பேர்தான், பிறகு வாங்கப்போகிறவர்கள் இதற்குள்தான் இருக்கிறார்கள் என்று அரைத் தமிழிலும் அரைச் சிங்களத்திலும் விளங்கப்படுத்தினார்.

அடுத்த வருடம் நானும் ஒரு கொப்பியுடன் போனேன். வெளிநாட்டவர்களும் சிங்களவர்களும் கேட்டவுடன் எழுதினார்கள். நம்மவர்களில் பலர் பேனையைக் கையில் வாங்கிவிட்டு, “ஏன் பிள்ளை பெயர் பதியிறீங்க?” என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. யுத்த காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழருக்குப் பெயர் பதிவது என்றால் பொலிஸ் பதிவுதான். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்தாலும் மனதில் விழுந்த பயம் உடனே போய்விடுமா? நானும் எத்தனையோ இடங்களில் பெயர் எழுதக் கை நடுங்கி நின்றவள்தான்.

ஆகவே ஒருவரையும் வற்புறுத்தவில்லை. கொப்பியின் மேல் மூன்று மொழிகளிலும், ‘புதிய படங்கள் பற்றி அறிவிக்க மட்டும். வேறு எவருக்கும் கொடுக்கமாட்டேன்’ என்று எழுதினேன். வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதுவும் கேட்கவில்லை. எழுத விரும்பாதவர்களுக்கு என் பெயரும் இலக்கமும் எழுதிய சிறு அட்டையைக் கொடுத்தேன். துலாக் கிணற்றுப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய ஒரு அம்மா அப்படித்தான் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று 38 பேர் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து மின்னஞ்சல் முகவரிகள் வாசிக்க முடியாதபடி கிடந்தன. அதன் பிறகு, எழுதியவர் நிற்கும்போதே எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஐந்து புதிய படங்களின் புகைப்படங்களை இணைத்து முதல் மின்னஞ்சலை அனுப்பினேன். அங்கேதான் பெரிய பிழை விட்டேன். 33 முகவரிகளையும் ‘பெறுநர்’ என்ற இடத்தில் ஒன்றாகப் போட்டுவிட்டேன். ஒருவர் முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்று பின்னேரமே ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. “வேறு எவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று எழுதி வைத்தது நீங்கள்தானே? என் முகவரி இப்போது 32 பேரிடம் இருக்கிறது.”

அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அதையே இன்னொரு பெண்ணுக்குச் செய்துவிட்டேன். மறுநாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவருடைய பெயரை நீக்கினேன். முகவரிகளை ‘பி.சி.சி.’ என்ற இடத்தில் போட்டால் ஒருவருக்கு மற்றவருடையது தெரியாது என்பதை அதன் பின்னரே பழகினேன். பிற்பாடு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. பிறர் தரும் விபரங்களைச் சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

ஏழு மாதங்களின் பின் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அட்டையை வாங்கிச் சென்ற அந்த அம்மா. இடிந்துபோன தங்கள் வீட்டின் புகைப்படம் ஒன்று மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. அதை வைத்து வீட்டை வரைந்து கொடுத்தேன். கிணற்றடியில் நின்ற செவ்விளநீர் மரம் படத்தில் இல்லை என்று சொல்ல, அதையும் சேர்த்தேன். படத்தை வாங்க வந்தவர், “அந்தக் கொப்பியைத் தாங்கோ பிள்ளை” என்று கேட்டுத் தன் பெயரைத் தானே எழுதினார்.

இன்று என் கொப்பியில் 146 பெயர்கள் இருக்கின்றன. வருடத்தில் மூன்று முறைதான் எழுதுவேன். அடிக்கடி எழுதினால் சலித்துப்போவார்கள், எழுதாமலே விட்டால் மறந்துபோவார்கள். ‘வேண்டாம்’ என்பவரின் பெயரை அன்றே வெட்டிவிடுவேன். வட்ஸ்அப்பில் அனுப்புவதானாலும் ஒன்றாகக் குழுவில் சேர்க்காமல் தனித்தனியாகவே அனுப்புகிறேன். குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும் அல்லவா?

சகோதரிகளே, நீங்கள் பனையோலைப் பெட்டி இழைப்பவராக இருக்கலாம், தைப்பவராக இருக்கலாம், மிளகாய்த்தூள் இடிப்பவராக இருக்கலாம். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது சாமான்களோடு ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் எடுத்துச் செல்லுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். எழுதிய பெயர்களை வீட்டுக்கு வந்து இன்னொரு கொப்பியில் பிரதி பண்ணி வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும்.